திங்கட்கிழமை மாத்திரை

எனக்கு பைபாஸ் நடந்த அன்று, என் உடம்பை நம்பி என் சொந்தக்காரர்கள் கொடுத்த வாக்குறுதிகளை ஒரு தேர்தல் வேட்பாளர்கூடக் கொடுத்திருக்க மாட்டார். உள்ளே என் நெஞ்சைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், வெளியே இரும்பு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு வேண்டுதல். என் மைத்துனன் என் தலைமுடியைத் திருப்பதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் தலையிலிருந்து ஒரு இழையைக்கூடத் தருவதாகச் சொல்லவில்லை. அவன் மனைவி இன்னும் தாராளம். மாடம்பாக்கம் சிவன் கோவிலில் நான் அங்கப்பிரதட்சணம் செய்வேன் என்று வேண்டிக்கொண்டாள். நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டிய ஆள், ஈர வேட்டியோடு கருங்கல் தரையில் உருள வேண்டும். வேண்டிக்கொள்கிறவர் ஒருவர், உருளுகிறவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு எங்கள் குடும்பத்தில் ரொம்ப காலமாக இருக்கிறது. யாரும் இதில் ஒரு தவறையும் கண்டதில்லை.

என் மனைவி மட்டும் அன்றைக்கு எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. அவள் அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். அவசியமில்லாத இடத்தில் ஒரு படிகூட எழுத மாட்டாள். அவசியம் மூன்றாம் நாள் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் நன்றாகத்தான் இருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சுப் பயிற்சிக்காகக் கொடுத்திருந்த, மூன்று பந்துகள் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை வாயில் வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். முதல் பந்து ஏறியது. இரண்டாவது பந்து பாதி ஏறியபோது நெஞ்சுக்குள் ஏதோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. மழை முடிந்த பிறகு சேலையூர் கேம்ப் ரோட்டில் ஆட்டோவில் போனால் எப்படி இருக்கும்? ஒரு குழி, கொஞ்சம் சமம், உடனே இரண்டு குழி, அப்புறம் எங்கே போகிறோம் என்றே தெரியாது. என் இதயம் அப்படித்தான் ஓடியது. தலைமாட்டில் இருந்த மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் பெண் ஓடி வந்தாள். பந்து டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கி வைத்ததுதான் அவள் செய்த முதல் வேலை. அந்த நிலைமையிலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஊசி போட்டார்கள், டிரிப்பில் ஏதோ ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் ஓட்டம் சீராகிவிட்டது. என்னைக் கவனித்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். அதட்டாமல் பேசுவார். அதனாலேயே அவரைப் பார்த்தால் எனக்குப் பயம். என் மனைவியை உள்ளே கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மேடம், பயப்படாதீங்க. ஆபரேஷன் பண்ண ஹார்ட் கொஞ்ச நாளைக்குக் கோபமாத்தான் இருக்கும். இது நிறைய பேருக்கு வர்றதுதான். இப்ப நம்ம வேலை, இது திரும்ப வராம பாத்துக்கறது. உப்புச்சத்தெல்லாம் ரத்தத்துல சரியா இருக்கணும், அத நாங்க டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கறோம். துடிப்ப அடக்கி வைக்கிற மாத்திரை ஒண்ணு தர்றோம். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அத மட்டும் விட்டுடாதீங்க."

"திரும்ப வந்தா என்ன ஆகும்?" என்று என் மனைவி கேட்டாள். கணக்கு டீச்சருக்கு விடை முழுசாக வேண்டும்.

"ரொம்ப நேரம் இப்படியே ஓடிச்சுன்னா உள்ள ரத்தம் தேங்கும், கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம்."

என் மனைவி தலையை ஆட்டினாள். வெளியே போனாள். லிப்ட் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார், எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிற மாதிரி. அவர் முன்னால் நின்று, அவருடைய அப்பாவுக்கு வேண்டிக்கொண்டு வந்தாள். என் துடிப்பு திரும்பத் தப்பாமல் இருந்தால், வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து திங்கட்கிழமை பகல் முழுவதும் பட்டினி கிடந்து, சாயங்காலம் மாடம்பாக்கம் கோவிலில் விளக்கேற்றிவிட்டுத்தான் சாப்பிடுவது என்று. பட்டினி யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து என் இதயத்தின் நிர்வாகம் முழுக்க என் மனைவியின் கைக்குப் போனது. காலையில் எழுந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பாள். நான் வாயைத் திறந்தால் "பேசாதீங்க, எண்ணிக்கை போயிடும்" என்பாள். எண்ணி முடித்து, பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் எழுதுவாள். மாத்திரை போட்டதும் அதற்கு நேராக ஒரு டிக். முப்பது வருஷம் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மற்றவர்களுடைய வருகையைப் பார்த்தவன் நான். இப்போது என் இதயம் தினமும் வந்து 'உள்ளேன் அம்மா' சொல்லிக்கொண்டிருந்தது.

மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டில். கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், மேல்தட்டில் இருந்த எதுவும் எனக்கு வேறு நாட்டில் இருக்கிற பொருள். முறுக்கு டப்பாவும் அங்கேதான் இருந்தது.

ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரம், விரதத்தின் முதல் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்குக் காலையில்தான் சிக்கல் தெரிந்தது. மாத்திரை அட்டையின் மேல் மருந்துக்கடைக்காரர் பேனாவால் 'சாப்பிட்ட பின்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார். பகல் முழுவதும் சாப்பாடு கிடையாது. சாப்பாடே இல்லையென்றால் சாப்பிட்ட பின் என்பது எப்போது வரும்? என் மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்" என்றேன்.

"கேட்டா விரதமே கூடாதுன்னுடுவாங்க."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

அவள் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகிவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் காலை மாத்திரை அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டது. சாயங்காலம் கோவிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, இட்லி சாப்பிட்டு, ராத்திரி மாத்திரையைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. துடிப்பு ஒழுங்காக இருந்தது. பட்டினியின் சக்தி என்று அவள் நினைத்தாள். நானும் மறுக்கவில்லை. பசியில் இருந்தவனுக்கு விவாதம் செய்யத் தெம்பு இல்லை.

இரண்டாவது திங்கட்கிழமைதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

டாக்டரம்மா எனக்குக் காலையும் மாலையும் நடக்கச் சொல்லியிருந்தார். மேடு பள்ளம் இல்லாத தெரு, மெதுவாக, மூச்சு வாங்காமல். முதலில் மனைவி கூட வந்தாள். அப்புறம் தனியாக விட்டாள். எங்கள் தெரு முனையில் திரும்பினால் ஒரு டீக்கடை. பத்து மணிக்குச் சரியாக அங்கே மெதுவடை சட்டியிலிருந்து ஏறும். என்னுடைய நடை எப்படியோ பத்து மணிக்கு அங்கே போய் முடிந்தது. இதில் திட்டம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

டீக்கடை மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா சார், ஆளு பாதியா பூட்ட? வூட்ல சோறு கீறு போட்றாங்களா இல்லியா?"

"இன்னிக்கு விரதம்."

"நெஞ்ச கீசிகினு வந்த ஆளுக்கு இன்னா சார் விரதம்? பேஜாரா கீதே. யார் சொன்னது?"

"வீட்ல."

அவர் ரொம்ப இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். அவருக்கும் வீடு இருந்தது. "வட இப்பத்தான் எடுத்தேன். ஒன்னு துன்னுட்டுப் போ சார். நான் யாராண்டையும் சொல்ல மாட்டேன்."

ஒன்று தின்றேன். ஒன்று தின்றால் விரதம் முறிந்துவிடும். முறிந்த விரதத்தை மேலும் முறிக்க முடியாது என்பதால் இன்னொன்றும் தின்றேன். தேங்காய்ச் சட்னி, மேலே கொஞ்சம் கார சட்னி. ஆபரேஷனுக்குப் பிறகு எதுவும் ருசிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நாக்கு அங்கேயே இருந்திருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நியாயமாகப் பார்த்தால் என்ன செய்திருக்க வேண்டும்? சாப்பிட்டாயிற்று. இது 'சாப்பிட்ட பின்' தான். வீட்டுக்குப் போய், "வடை தின்னுட்டேன், மாத்திரையைக் கொடு" என்று சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு வேளைதானே, போன வாரமும் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியது. தவிரவும், நான் விரதத்தை முறித்தது தெரிந்தால் அவள் பேசுகிற பேச்சை, புதிதாகத் தைத்த நெஞ்சு தாங்குமா என்ற மருத்துவக் கவலையும் இருந்தது. அதனால் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து, பசியால் வாடின முகம் ஒன்றை மாட்டிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். நடிக்கிறவனுக்குக் கைதட்டல் வேண்டுமே.

"விரதம் இருந்தா மனசு என்னமா லேசாகுது தெரியுமா?" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

சமையலறைப் பக்கம் போகிற அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதே குழி. முதலில் வடையின் வாயு என்று நினைத்தேன், ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அடுத்த குழி வந்தது. அப்புறம் கணக்கே இல்லை. மூச்சு மேலே நின்றுகொண்டு கீழே இறங்க மறுத்தது. நெற்றி வேர்த்தது. அவளைக் கூப்பிட வாயெடுத்தேன், பேர் பாதிதான் வந்தது.

அவள் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். அவள் எதையும் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. கையை விடாமலேயே மறு கையால் தம்பிக்குப் போன் போட்டாள். மைத்துனன் காரோடு வந்தபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். "மாமா, ஒண்ணும் இல்ல மாமா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு சிக்னலும் அதற்கு மாறாகச் சொன்னது. பின்சீட்டில் என் மனைவி என் வலது கையையே அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். விரலை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். சிரிக்கச் சொன்னாள். என் வாய் கோணுகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது, நிஜமாகவே பயந்தேன். நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்றபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் வயர்கள், மறுபடியும் டிரிப். டாக்டரம்மா வந்து மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக என் மனைவியைப் பார்த்தார்.

"காலைல மாத்திரை போட்டாரா?"

"இல்ல டாக்டர். இன்னிக்கு விரதம். வெறும் வயித்துல எப்படி..."

டாக்டரம்மா அதட்டவில்லை. "வயிறு எரிஞ்சா ஒரு டம்ளர் மோர் குடிச்சா போதும் மேடம். இதுக்கு என்ன குடிப்பீங்க?" என்றார். "இந்த ஒரு வேளை விட்டதாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா இது வராம தடுக்க நம்ம கையில இருந்தது அது ஒண்ணுதான்" என்றார்.

என் மனைவியின் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். வடை என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. திரும்ப உள்ளே போய்விட்டது. கோழைக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும். எனக்கு அன்றைக்குக் கிடைத்த காரணம் மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாய்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓட்டம் சீரானது. கட்டி எதுவும் இல்லை, எங்கும் போகவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்புறம்தான் வீட்டில் ஒரு பயங்கரம் நடந்தது. என் மனைவி சாதுவாகிவிட்டாள். காபி கேட்டால் காபி வந்தது. தலையணையை இரண்டு தடவை சரி செய்தாள். டிவி சத்தத்தை நான் கூட்டினால் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் முறையாக நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் விழுங்குகிற வரைக்கும் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தான்தான் என்னைக் கொல்லப் பார்த்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அதைப் போக்குகிற மருந்து என்னிடம் இருந்தது. இரண்டு வடை.

வெள்ளிக்கிழமை காலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். டீக்கடை, மாஸ்டர், இரண்டு வடை, இரண்டு சட்னி, சோபாவில் நடிப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை. "உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் தின்னுட்டேன்னு சொல்லியிருந்தா நீ மாத்திரை குடுத்திருப்ப. எல்லாம் என்னாலதான். நல்லா திட்டு" என்றேன். திட்டுக்காக நெஞ்சைத் தலையணையால் அணைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் அந்தக் குரலுக்குப் பயந்து தெருமுனை வரை ஓடியிருக்கிறேன். அன்றைக்கு அது வர வேண்டுமே என்று காத்திருந்தேன்.

அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீங்க உள்ள வரும்போதே மீசையில சட்னி." அவள் அடுத்த துணியை எடுத்தாள், மடிக்கவில்லை. "பாத்ததும் மாத்திரைய எடுத்துட்டுத்தான் வந்தேன். கையில தண்ணியோட வந்தேன். நீங்க கண்ண மூடிகிட்டு, விரதம் இருந்தா மனசு லேசாகுதுன்னீங்க. எனக்குப் பத்திகிட்டு வந்துது. தன் வாயால தின்னேன்னு சொல்லட்டும், அப்புறம் குடுப்போம்னு திருப்பிக் கொண்டுபோய் டப்பாவுல போட்டுட்டேன். நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு மூணு மணி வரைக்கும் சமையல்கட்டுலயே உக்காந்திருந்தேன். டாக்டர் கேட்டப்பகூட உண்மையச் சொல்லாம விரதம்னுட்டேன்."

அப்புறம் அவள் அழுதாள். அவளுடைய அப்பா செத்தபோதுகூட ஆட்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தவள், என் பனியனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளை ஏமாற்றியதாக நினைத்து ரசித்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மணி நேரமும், இரண்டு சுவர்களுக்கு அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இனிமே முதல்ல மாத்திரை. சண்டை அப்புறம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். மூக்கை என் பனியனிலேயே துடைத்தாள்.

மீதி மூன்று திங்கட்கிழமைகள் இருந்தன. நான் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்துவிட்டார். துடிப்புதான் தப்பிவிட்டதே, அப்புறம் எதற்கு விரதம் என்று நானும் சட்டம் பேசிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை, அந்த மூன்றையும் தானே எடுத்துக்கொண்டாள். எனக்கு நாலு இட்லி வைத்துவிட்டு, மாத்திரையைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, எதிரில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நாலு இட்லி எனக்கு நாலு நிமிஷம். அந்த மூன்று திங்கட்கிழமையும் ஒவ்வொரு இட்லியையும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினேன்.